ஷீட் மாஸ்க் வாங்கிய யாழினிக்கு

அன்புள்ள யாழினிக்கு,

அத்தை எழுதுகிறேன். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவையும் உனக்கு ஒரு கட்டு கொரியன் ஷீட் மாஸ்க்கும் வாங்கியதாகச் சொன்னாய். “போடலாமா அத்தை? போட்டா டிராமால வர்ற பொண்ணுங்க மாதிரி முகம் கண்ணாடியாட்டம் ஆயிடுமா?” என்று கேட்டாய். தாராளமாகப் போடலாம். கண்ணாடியாகுமா என்ற கேள்விக்கு வாட்ஸாப்பில் ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகத்தில் எதையோ தடவிக் கெடுத்துக்கொண்டு வரும் பெண்களை மருந்துக்கடையில் அன்றாடம் பார்க்கிறவள் நான். உனக்காவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் அந்தப் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். முக அளவுக்கு வெட்டிய மெல்லிய துணி ஒன்று. அது பருத்தியாக இருக்கலாம், மரக்கூழிலிருந்து எடுத்த இழையாக இருக்கலாம், ஜெல்லாகவும் இருக்கலாம். விலை கூடிய சிலவற்றில் பயோ செல்லுலோஸ் என்று போட்டிருக்கும். அதைப் பாக்டீரியாவே உருவாக்குகிறது. தேங்காய்த் தண்ணீர் போன்ற இனிப்புக் கரைசலில் அந்த நுண்ணுயிரை வளர்த்தால், மேலே வழுவழுப்பாக ஒரு ஏடு படரும். பழக்கலவையில் போடுகிறார்களே நாட்டா டி கோகோ, அதுவும் இதே பொருள்தான். துணி ஊறிக் கிடக்கும் எசென்ஸ் பெரும்பாலும் 20 முதல் 25 மில்லி வரை இருக்கும். அதில் மிகப் பெரும் பங்கு தண்ணீர். அடுத்து கிளிசரின், பியூட்டிலீன் கிளைக்கால், ஹயலுரானிக் அமிலம் போன்ற ஈரம் பிடித்து வைக்கும் பொருள்கள். மூலிகைச் சாறும் வாசனையும் கெடாமல் காக்கும் பொருளும் கொஞ்சம் கொஞ்சம்.

இது எப்படி வேலை செய்கிறது? நம் தோலின் ஆக வெளிப்புற அடுக்கு முகத்தில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. ஆனால் உடம்பைக் காப்பது அதுதான். உயிரற்ற தட்டையான செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்க, செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் நடுவே சாந்து மாதிரி நிரம்பியிருக்கும். இந்தச் சுவர் வழியாக உடம்பின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. ஈரத்துணியால் மூடினால் ஆவியாவது மட்டுப்படும். செல்கள் தண்ணீரை இழுத்து உப்பும். வறட்சியால் வந்த மெல்லிய கோடுகள் மறையும். மேற்பரப்பு சமமாகி ஒளி சீராகத் தெறிக்கும். மாஸ்க்கை எடுத்ததும் நீ காணப்போகும் பளபளப்பு இதுதான். உண்மையான மாற்றம். சில மணி நேரம் இருக்கும், பிறகு போய்விடும். கல்யாணத்துக்கோ இன்டர்வியூவுக்கோ போகும் நாளில் அந்தச் சில மணி நேரமே போதும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதே.

பாக்கெட்டின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் “கொலாஜன்” என்று இருக்கும். பெரிய மூலக்கூறுகள் தோலைத் தாண்டி உள்ளே போவதில்லை. யான் போஸ், மெய்னார்டி என்ற இரண்டு நெதர்லாந்து மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில் ஒரு கணக்குச் சொன்னார்கள்: 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு நல்ல நிலையில் இருக்கும் தோலைக் கடப்பது அரிது. கொலாஜனின் எடை ஏறத்தாழ மூன்று லட்சம் டால்டன். மேலே படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். உள்ளே போய் உன் தோலில் இருக்கும் கொலாஜனோடு சேராது. நியாசினமைடு என்ற பொருளின் எடை 122 டால்டன். அது உள்ளே போகும், கரும்புள்ளியைக் குறைக்கவும் உதவும். ஆனால் தினமும் பூசி, வாரக்கணக்கில் பொறுத்திருந்தால்தான் பலன் தெரியும். வாரம் ஒரு நாள் இருபது நிமிடம் மாஸ்க்கில் படுவதைவிட, அதே பொருள் உள்ள சீரத்தைத் தினமும் போடுவது மேல்.

கொரியாவில் ஏன் இது இவ்வளவு பரவியது என்பதையும் தெரிந்துகொள். சியோலில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலையே உறைநிலைக்குக் கீழே. சைபீரியப் பக்கமிருந்து வறண்ட குளிர்காற்று வீசும். வீட்டுக்குள் ஓண்டோல் என்ற முறையில் தரையையே சூடாக்குவார்கள். வெளியே வறண்ட குளிர், உள்ளே வறண்ட சூடு. அந்த ஊரில் டோனர், எசென்ஸ், சீரம், கிரீம் என்று ஈரத்தை அடுக்கடுக்காக ஏற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. ‘பத்துப் படி’ முகப் பராமரிப்பு என்று உலகம் பேசியதை அமெரிக்காவில் பிரபலமாக்கியவர் கொரிய அமெரிக்கரான சார்லட் சோ. 2012-இல் சோகோ கிளாம் கடையைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். எல்லாக் கொரியப் பெண்களும் தினமும் பத்துப் படி ஏறுகிறார்கள் என்று நினைத்துவிடாதே.

முகத்தைப் பேணும் இந்தக் கவனத்துக்கு அங்கே வேர் ஆழம். ஹோ ஜுன் என்ற அரண்மனை மருத்துவர் தொகுத்து 1613-இல் அச்சான ‘தோங்குயி போகம்’ மருத்துவ நூலில் முகத்துக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. பச்சைப்பயறு மாவால் முகம் கழுவும் பழக்கம் ஜோசன் அரச காலத்தில் இருந்தது. நம் பாட்டி நலங்கு மாவில் போட்ட அதே பயறு. மாஸ்க்குகளில் நீ அடிக்கடி பார்க்கப்போகும் சிக்கா என்பது நம் வல்லாரைதான். அதன் சத்தைப் பிரித்தெடுத்துச் செய்த காயக் களிம்பு கொரியாவில் பல பத்தாண்டுகளாக வீட்டு மருந்து. அதற்காக வல்லாரையை அரைத்து முகத்தில் அப்பாதே. களிம்பில் இருப்பது சுத்திகரித்து அளந்து சேர்த்த சத்து; துவையலுக்கு வாங்கிய கீரையில் மண்ணும் கிருமியும் சேர்ந்தே வரும்.

சட்டமும் அங்கே கறார். 2000-இல் நடைமுறைக்கு வந்த அழகுப்பொருள் சட்டம் ‘செயல்திறன் அழகுப்பொருள்’ என்று ஒரு தனிப் பிரிவை ஏற்படுத்தியது. கரும்புள்ளி குறைக்கும், சுருக்கம் குறைக்கும், வெயில் தடுக்கும் என்று சொல்லி விற்க வேண்டுமானால் அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்பட வேண்டும். கரும்புள்ளிக்கு நியாசினமைடு 2 முதல் 5 சதவீதம், சுருக்கத்துக்கு அடினோசின் 0.04 சதவீதம் என்று அளவுகூடக் குறித்திருக்கிறார்கள். ஆகவே பெட்டியின் முன்பக்கப் படத்தைப் பார்க்காதே, பின்பக்கப் பட்டியலைப் படி. அதிகமாக இருப்பது முதலில் வரும். ஒரு சதவீதத்துக்கும் குறைவானவை எந்த வரிசையிலும் வரலாம். நத்தைச் சாறு, ஜின்செங் என்று பெரிதாகப் போட்டுவிட்டுப் பட்டியலின் கடைசியில் அதை எழுதியிருந்தால் விலைக்கு ஏற்ற சரக்கு அதில் இல்லை.

இனி, போடும் முறை. வாங்கிய அன்றே முகத்தில் ஒட்டாதே. எசென்ஸில் கொஞ்சம் எடுத்து முழங்கையின் உள்மடிப்பில் தடவி இரண்டு நாள் பார். சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால் மேலே போ. உன் தோலுக்கு ஒவ்வாமை சுலபமாக வரும், பூ வாசனை சோப்புக்கே கழுத்தில் தடித்தது நினைவிருக்கிறதா? வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்கு. த்ரெடிங், வேக்ஸிங் செய்த அன்று வேண்டாம். பரு உடைந்து புண்ணாக இருக்கும் இடத்திலும் வேண்டாம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. முகத்தை மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி ஒற்றி எடு. பாக்கெட்டைக் கிழித்தால் துணி நாலாக மடிந்திருக்கும். சிலவற்றில் முத்து நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளும் ஒட்டியிருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் வாயருகே கிழிந்துவிடும். நெற்றியில் முதலில் பொருத்து, கண் துளைகளைச் சரி பார், பிறகு மூக்கு, கன்னம், கடைசியில் தாடை. பிளாஸ்டிக் தாளை உரித்தெடுத்துவிட்டு, நடுவிலிருந்து காதுப் பக்கமாக விரலால் நீவி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்று. துணி ஒட்டாத இடத்தில் பலனும் இல்லை. பதினைந்து முதல் இருபது நிமிடம் போதும். காய்ந்து விறைக்கும்வரை விடாதே, போட்டபடி தூங்கிவிடாதே. எரிந்தால் உடனே எடுத்துவிட்டுத் தண்ணீரில் கழுவு. “வேலை செய்யுது, அதான் எரியுது” என்று யார் சொன்னாலும் நம்பாதே. எரிச்சல் என்பது தோல் உன்னிடம் போதும் என்று சொல்வது.

எடுத்த பிறகு கழுவ வேண்டாம். மிச்ச எசென்ஸைக் கழுத்துக்கும் கைக்கும் தடவிவிடு. திறந்த பாக்கெட்டை நாளைக்கென்று வைக்காதே, கிருமி சேரும். மேலே லேசான மாய்ஸ்சரைசர் ஒரு பூச்சுப் போடு, இல்லாவிட்டால் ஏற்றிய ஈரம் ஆவியாகிவிடும். சென்னைப் புழுக்கத்துக்குக் கனத்த கிரீம் தேவையில்லை. ஆனால் நாள் முழுக்க ஏ.சி.யில் உட்காருகிறாய்; அந்தக் காற்று வறண்டது, அதனால் உனக்கும் மாய்ஸ்சரைசர் வேண்டும். ஜெல் வடிவில் வாங்கிக்கொள். மாஸ்க் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். உன் தாடையில் பரு வருகிறது, அதனால் எண்ணெய்ப் பசை அதிகமுள்ள மாஸ்க்கைத் தவிர்.

வீட்டு வைத்தியத்துக்கு வருகிறேன். தயிர், தேன், வெள்ளரி பூசினால் குளிர்ச்சியாக இருக்கும். பெரும்பாலும் கெடுதல் இல்லை. எலுமிச்சை மட்டும் கூடவே கூடாது. தோலின் பி.எச். அளவு சுமார் 5. எலுமிச்சைச் சாற்றின் அளவு 2-ஐ ஒட்டி இருக்கும். அதோடு எலுமிச்சை இனச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் தீக்காயம் போலக் கொப்புளித்துக் கரும்படையாக நின்றுவிடும். சமையல் சோடா எதிர்ப்பக்கம், பி.எச். 8-க்கு மேல்; நான் சொன்ன சாந்தை அது கலைத்துவிடும். பற்பசையைப் பருவின் மேல் வைக்காதே. நலங்கு மாவு போட்டால் நைஸாக அரைத்து, தேய்க்காமல் குழைத்துத் தடவிக் கழுவு.

ஊசி ரோலரும், ஆன்லைனில் விற்கும் கடுமையான அமிலப் பீலும் உன் கைக்கு வரவே கூடாது. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இந்தப் பீல்களைப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே 2024-இல் எச்சரித்தது. தோல் வெந்து தழும்பானால் எந்த மாஸ்க்கும் அதை மாற்றாது.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். கவுன்டரில் ஒரு பெண் காலி டியூபை நீட்டி, “இதே கிரீம் கொடுங்க, கலர் கொடுக்குது” என்பாள். வாங்கிப் பார்த்தால் ஸ்டீராய்டு. கன்னம் மெலிந்து, உள்ளே சிவப்பாக ரத்தக் குழாய் ஓடுவது தெரியும். உதட்டுக்கு மேல் முடி வளர்ந்திருக்கும். நிறுத்தினால் முகம் தீயாக எரியும், அதனால் விடவும் முடியாது. இந்தக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு கட்டுப்படுத்தியது. ஆனாலும் தோழி கொடுத்தாள், பார்லரில் கொடுத்தார்கள் என்று இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. யார் கொடுத்தாலும் வாங்காதே. உன் நிறத்துக்கு ஒரு குறையும் இல்லை. அதை மாற்றித் தருவதாகச் சொல்லும் பொருள் கொரியாவிலிருந்து வந்தாலும் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தாலும் நம்பத் தகுந்தது இல்லை. தோலைப் பேணுவது வேறு, நிறத்தை வெறுப்பது வேறு. முதலாவதை உனக்குக் கற்றுத்தரத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தினமும் மூன்றே வேலை செய். மென்மையாகக் கழுவு, மாய்ஸ்சரைசர் போடு, காலையில் சன்ஸ்கிரீன் பூசு. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் வாங்கு. முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கிய அளவு வேண்டும். வெயிலில் பேருந்துக்கு நிற்கிறவளுக்கு எந்த மாஸ்க்கையும்விட இது பெரிய காவல். பரு வலித்தாலோ, குழி விழுந்தாலோ, கரும்படை பரவினாலோ தோல் மருத்துவரைப் பார். அதில் பணத்தைப் பார்க்காதே.

புதிய பொருளை ஒவ்வொன்றாக மட்டும் சேர். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டு வாரமாவது இடைவெளி விடு. எதை எப்போது தொடங்கினாய் என்று போனில் குறித்து வை. ஒத்துக்கொண்டது எது, ஒத்துக்கொள்ளாதது எது என்று அப்போதுதான் புரியும். நாளைக்கு எந்த விளம்பரம் வந்தாலும் உன் குறிப்பைப் பார்த்து நீயே முடிவெடுக்கலாம். என்னைக்கூடக் கேட்க வேண்டியதில்லை.

அன்புடன்,
அத்தை