மொசாம்பிக் துவரையும் நம்ம களத்துத் துவரையும்

துவரைக்கு விலை எங்கே முடிவாகுது என்று கேட்டால், நம்மில் பாதிப்பேர் கமிட்டி என்போம், மீதிப்பேர் மண்டி வியாபாரி என்போம். வங்கியில் ஏற்றுமதி, இறக்குமதிக் காகிதங்களைப் பார்த்தே காலம் தள்ளிய நானும் வயலுக்கு வந்ததும் அப்படித்தான் நினைத்தேன்.

2015இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது ஞாபகம் இருக்கும். அடுத்த ஆடிப்பட்டத்தில் திரும்பின பக்கமெல்லாம் துவரை. கடலைக்குள் ஊடுபயிராக விடுவதை விட்டுவிட்டு, நானும் ஒன்றரை ஏக்கரில் தனிப்பயிராகவே போட்டேன். தையில் அறுத்து, விலை ஏறட்டும் என்று மூட்டை கட்டி வைத்தேன். அந்த வருஷ ஆதரவு விலை, ஊக்கத்தொகை 425 சேர்த்து, குவிண்டால் 5,050 ரூபாய். வண்டு விழுந்த பிறகு 3,900க்குத் தள்ளிவிட்டேன்.

என்ன நடந்தது? 2016 ஜூலையில் இந்தியா மொசாம்பிக் நாட்டோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. முதல் வருஷம் ஒரு லட்சம் டன் பருப்பு வகைகள், 2020-21க்குள் இரண்டு லட்சம் டன். பஞ்சத்தில் போட்ட ஒப்பந்தம். ஆனால் அதே பருவத்தில் நம்ம உழவர்கள் 48 லட்சம் டன்னுக்கு மேல் துவரை விளைவித்துவிட்டார்கள். மொசாம்பிக்கின் ஒரு லட்சம் டன்தான் நம்மைக் கவிழ்த்தது என்று மேடையில் பேசுகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கவிழ்த்தது நம்ம விளைச்சல்தான். களம் நிறைந்த நேரத்திலும் இறக்குமதிக் கதவு வரியில்லாமல் திறந்தே கிடந்தது, அதுதான் தப்பு. 10 சதவீத வரி 2017 மார்ச் கடைசியில்தான் வந்தது. அதற்குள் தை, மாசி போய்விட்டது.

பிறகு 2017 ஆகஸ்டில் துவரை இறக்குமதிக்கு வருஷம் 2 லட்சம் டன் என்று வரம்பு கட்டினார்கள். நமக்கு நல்லதுதானே? அங்கே பாருங்க. மொசாம்பிக்கில் துவரை போடுவது பெரிய பண்ணைக்காரன் இல்லை. மக்காச்சோளத்துக்குள் ஊடுபயிராகப் போடும் சிறு உழவன். அவன் வீட்டில் துவரை அதிகம் சாப்பிடுவதில்லை, நம்மை நம்பித்தான் விதைக்கிறான். ஆகஸ்ட் அவனுக்கு அறுவடைக் காலம். ஒப்பந்த அளவுக்கு விலக்கு இருந்தும் அங்கே விலை விழுந்தது. நாம தையில் அழுதோம், அவங்க ஆவணியில் அழுதாங்க.

இங்கேதான் வங்கி அனுபவம் உதவுகிறது. தொலைதூர வியாபாரத்தில் வாங்குபவரின் வங்கி கடன் உறுதிக் கடிதம் கொடுக்கும். கப்பலில் சரக்கு ஏற்றிய ரசீது சரியாக இருந்தால் பணம் போய்விடும். வங்கி பார்ப்பது காகிதத்தைத்தான், துவரையை இல்லை. இறக்குமதியாளர், ஏற்றுமதியாளர், இரண்டு வங்கி, கப்பல் கம்பெனி எல்லாருக்கும் அந்தக் காகிதத்தில் பாதுகாப்பு உண்டு. உழவன் பேர் மட்டும் எங்கேயும் இராது. நாளைக்கு டெல்லியில் என்ன அறிவிப்பு வருமோ என்ற பயத்துக்கு வியாபாரி ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் கிராமத்தில் விலை சொல்வான். அங்கேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்.

2021இல் மறுபடி கதவைத் திறந்தார்கள். மியான்மர், மலாவி நாடுகளோடும் ஒப்பந்தம் ஆனது. வரியில்லா இறக்குமதியை 2026 மார்ச் வரை நீட்டித்தார்கள். ஆகவே ஆடியில் விதைப்பதற்கு முன் போன வருஷ விலையைப் பார்க்காதீங்க. இறக்குமதி அறிவிப்பு எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பாருங்க. ஆப்பிரிக்கத் துவரை நம்ம அறுவடைக்குச் சற்று முன்னால், ஆவணி முதல் ஐப்பசி வரைதான் கப்பலேறும்.

இன்னொன்று, முழுத் துவரையாக விற்றால்தான் அந்தக் கப்பலோடு போட்டி. பெரிய மில்லுக்கு இரண்டும் ஒன்றுதான். பருப்பாக்கினால் கதை வேறு. ராத்திரி ஊறவைத்து, செம்மண் குழைத்துக் கட்டி, குவித்து வைத்து, நல்ல வெயிலில் காயவிட்டு, மண் உதிர்த்து உடைக்கணும். நூறு கிலோவுக்கு 65 முதல் 75 கிலோ பருப்பு நிற்கும். குருணையும் பொட்டும் மாட்டுக்கு. வேலை அதிகம், வீட்டுப் பெண்கள் மேல்தான் விழும், அதையும் கூலியாகக் கணக்கில் எழுதுங்க. நான் முதல் இரண்டு வருஷம் எழுதவில்லை, லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவிதான் நோட்டைக் காட்டித் திருத்தினாள்.

இப்போது கடலை ஆறு வரிசைக்குத் துவரை ஒரு வரிசை. கிடைப்பதைப் பருப்பாக்கி, தெரிந்த நாற்பது வீடுகளுக்குக் கொடுக்கிறேன். மிச்சம் வந்தால்தான் கமிட்டி.