மின்னஞ்சலுக்கு ஒரு மாற்றுவழி

வலைச் செயலியிலிருந்து மின்னஞ்சல் போகாமல் நின்றுவிட்டால், மாற்றுவழியாக இரண்டாவது சேவையகம் ஒன்றைச் சேர்த்துவிடலாம் என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. லாராவெல், சிம்பொனி போன்ற சட்டகங்களில் சில வரிகளிலேயே அதைச் செய்துவிடவும் முடிகிறது. ஆயினும், செயலிகளைப் பராமரித்துவந்த என் அனுபவத்தில், அதற்கு முன்பாகச் செய்யவேண்டிய பிரதான காரியம் வேறு. வாடிக்கையாளரின் ஆர்டர் தரவுத்தளத்தில் பதிவாகிற அதே பரிவர்த்தனையில், அவருக்குப் போகவேண்டிய கடிதமும் பதிவாகிவிடுமானால், சேவையகம் மௌனமானாலும், நம் நிரலே நடுவழியில் நின்றாலும், கடிதம் நஷ்டமாவதில்லை. பின்னணியில் ஓடும் வேறொரு நிரல் அதை எடுத்து நிதானமாக அனுப்பிக்கொள்ளும்.

அடுத்தது, தோல்வி எத்தகையது என்ற விசாரணை. 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய, மின்னஞ்சல் அனுப்புவதற்கான எஸ்.எம்.டி.பி. விதிமுறையிலிருந்தே, 4-ல் தொடங்கும் விடை தாற்காலிகத் தடையையும், 5-ல் தொடங்குவது நிரந்தர மறுப்பையும் குறித்துவருகின்றன. அப்படி ஒரு முகவரியே இல்லை என்று 550 வந்த கடிதத்தை மாற்றுவழியில் மறுபடி அனுப்புவது, அந்த வழியின் நற்பெயருக்கும் பங்கம் விளைவிப்பதாகும். ஆனால் நம் கடவுச்சொல்லை ஏற்க மறுக்கும் 535, குறை பெறுநரிடம் அன்று, பாதையில் இருக்கிறது என்று உணர்த்துவதால், மாற்றுவழிக்கு உரிய தருணம் அதுவே. தாற்காலிகத் தடைக்கு, அரை மணியேனும் இடைவெளி விட்டு, நான்கைந்து நாள் முயலவேண்டும் என்பது எஸ்.எம்.டி.பி.-யின் 2008-ம் ஆண்டு விதிமுறையின் ஆலோசனை. ரசீதுக்கு அது பொருந்தும், பத்து நிமிஷத்தில் காலாவதியாகும் ஓடிபி-க்குப் பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு கடிதத்துடனும் அதன் ஆயுளையும் எழுதிவைப்பது என் வழக்கம்.

மிகச் சிக்கலான நிலை ஒன்று உண்டு. கடிதம் முழுவதும் போய்ச் சேர்ந்து, ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமான 250 வருமுன் தொடர்பு அறுந்தால், அது போயிற்றா இல்லையா என்பதை நிச்சயிக்க எந்த உபாயமும் இல்லை. ரசீது இருமுறை போவதால் கேடில்லை என்று அதை மீண்டும் அனுப்புகிறேன். பாக்கித் தொகை கேட்கும் கடிதத்தையோ, ஒருவர் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கட்டும் என்று நிறுத்திவைக்கிறேன்.

மாற்றுவழி உயிரோடிருக்கவேண்டும் என்பதும் முக்கியம். நம் பெயரில் அஞ்சல் அனுப்ப அதற்கு உரிமை உண்டு என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகளை முன்கூட்டியே சேர்த்துவிட்டு, தினசரி அஞ்சலில் ஒரு சிறு பங்கை எப்பொழுதும் அதன் மூலமாகவே அனுப்பிவருகிறேன்.