பி.காம். முதல் வருடத்திலேயே முடிவு செய்ய வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பி.காம். எடுக்கலாம்?" ஜெனரல், கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ், கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ், பேங்க் மேனேஜ்மென்ட் என்று பட்டியல் நீள்கிறது. என் கருத்து இதுதான்: பட்டத்தின் பின்னொட்டுக்காக அதிகக் கட்டணம் கட்டாதீர்கள். நிதிக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், நிறுவனக் கணக்கு, வணிகச் சட்டம், வருமான வரி ஆகியவை ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. வேலைக்கு எடுப்பவர் சோதிப்பதும் இவற்றைத்தான். கட்டணம், வகுப்பு நேரம், கணக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் ஆகிய மூன்றையும் விசாரித்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள்.

வகுப்பு நேரத்தைப் பலர் கவனிப்பதில்லை. சென்னையின் பல கல்லூரிகளில் காலை, பிற்பகல் என இரண்டு ஷிஃப்ட் உண்டு. சி.ஏ., சி.எம்.ஏ. போன்ற தொழில்முறைப் படிப்பையும் சேர்த்துப் படிக்க நினைப்பவருக்குக் காலையோ மாலையோ அரை நாள் கையில் இருப்பது பெரிய வசதி. சேரும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். பிறகு ஷிஃப்ட் மாற்றுவது எளிதல்ல.

சி.ஏ. படிப்பதாக இருந்தால் இரண்டு வழிகள். பிளஸ் டூ முடித்து ஃபவுண்டேஷன் எழுதலாம். ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை தேர்வு நடக்கிறது. ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 விழுக்காடு வேண்டும். அடுத்தது இண்டர்மீடியட். அதன் இரண்டு குரூப்பும் தேறிய பிறகுதான் ஆர்ட்டிக்கிள்ஷிப். 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் இந்தப் பயிற்சி மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்தது. பயிற்சியில் இருந்தபடியே கல்லூரிக்கும் போவதென்றால் 112ஆம் படிவத்தில் சி.ஏ. இன்ஸ்டிட்யூட்டின் அனுமதி பெற வேண்டும். வகுப்பு நேரமும் ஆபீஸ் நேரமும் மோதக் கூடாது. இரண்டாவது வழியில், பி.காம். முடித்துவிட்டு ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இண்டருக்குப் போகலாம். அதற்கு வணிகவியல் பட்டதாரிகள் 55 விழுக்காடு வைத்திருக்க வேண்டும். "பாஸானால் போதும்" என்று முதல் இரண்டு செமஸ்டரைக் கழிப்பவர்களுக்கு இந்த வாசல் மூடிப்போகிறது.

சி.ஏ. மட்டுமே பெருமை என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. அதனால் நல்ல மாணவர்கள் பலர் சி.எம்.ஏ., சி.எஸ். (கம்பெனி செக்ரட்டரி) ஆகிய மற்ற இரண்டு படிப்புகளையும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். அந்த வேலைகளுக்கான தேவையைச் சட்டமே உண்டாக்கி வைத்திருக்கிறது. செலுத்திய பங்கு மூலதனம் 10 கோடி ரூபாயைத் தொட்டுவிட்டால் பிரைவேட் லிமிடெட் கம்பெனியும் முழுநேர கம்பெனி செக்ரட்டரியை வைத்துக்கொள்ள வேண்டும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 148ஆம் பிரிவு சிமென்ட், சர்க்கரை, மருந்து போன்ற துறைகளில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு அடக்கவிலைத் தணிக்கையைக் கட்டாயமாக்குகிறது. தொழிற்சாலைச் சூழல் பிடித்தவருக்கு சி.எம்.ஏ., சட்ட வாசகங்களைப் பொறுமையாகப் படிப்பவருக்கு சி.எஸ். பொருந்தும். ஏ.சி.சி.ஏ. இணைந்த பி.காம். என்று விளம்பரம் பார்த்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்தியாவில் கம்பெனிகளின் சட்டப்படியான தணிக்கையில் கையெழுத்திட அந்தத் தகுதி போதாது. பன்னாட்டு நிறுவனங்களின் கணக்குப் பிரிவில் சேர உதவும்.

இந்தத் தேர்வு எதையும் எழுதப்போவதில்லை என்பவர்களுக்கும் நான் அழுத்திச் சொல்வது ஒன்று. முதல் ஆண்டு விடுமுறையிலேயே ஊரிலுள்ள ஒரு ஆடிட்டர் ஆபீஸில் போய் உட்காருங்கள். சம்பளம் கிடைக்காமல் போகலாம், போகட்டும். மாதத் தேதிகளின் ஓட்டம் அங்கேதான் புரியும். 7ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். கட்ட வேண்டும். 11க்குள் விற்பனை விவரங்களை ஜி.எஸ்.டி.ஆர்.-1இல் ஏற்ற வேண்டும். 14ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-2பி வரும், சப்ளையர்கள் தங்கள் ரிட்டர்னில் காட்டிய பில்கள் அதில் இருக்கும். கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்த கொள்முதல் பில் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த பில் அதில் வந்திருக்கிறது, எது விடுபட்டது, எதில் ஜி.எஸ்.டி. எண் ஒரு இலக்கம் தவறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். விடுபட்ட பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. உடனே சப்ளையருக்கு போன் போகும். 15ஆம் தேதிக்குள் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.; 20க்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாக்கல் செய்து வரியும் கட்ட வேண்டும். நடுவில் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கேஷ் புக்கையும் உட்கார்ந்து பொருத்த வேண்டும். ஜூலை வந்தால் சம்பளக்காரர்களின் வருமான வரி ரிட்டர்ன்கள் குவியும். 31ஆம் தேதி கடைசி நாள். இதையெல்லாம் இரண்டு மாதம் பார்த்தவர், வகுப்பில் பேங்க் ரீகன்சிலியேஷன் நடத்தும்போது கேட்கிற விதமே வேறாக இருக்கும்.

டேலி கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ஜர்னல் என்ட்ரியைப் பேப்பரில் எழுதத் தெரிந்த பிறகு. தேய்மானத்தை எங்கே பற்று வைப்பது, அது இலாப நட்டக் கணக்கிலும் ஐந்தொகையிலும் எங்கே வந்து உட்காரும் என்று சொல்லத் தெரியாதவருக்கு மென்பொருள் வெறும் தட்டச்சு வேலை. எக்செலில் பிவட் டேபிளும் எக்ஸ்-லுக்கப்பும் கைவந்தால் நேற்றுச் சேர்ந்தவரைக்கூட ஆபீஸ் நம்பி வேலை கொடுக்கும். பணம் கட்டி எங்கேயும் சேருமுன் 'நான் முதல்வன்' திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு எந்தப் பயிற்சிகள் வந்திருக்கின்றன என்று துறையில் கேளுங்கள்.

பாடநூலை எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று நாம் குழம்பிக் குழம்பிப் படித்த இரண்டும் போய் 'வரி ஆண்டு' என்று ஒன்றே நிற்கிறது. 2025-26 வரையிலான வருமானத்துக்குப் பழைய சட்டம்தான் என்பதால் சில ஆண்டுகளுக்கு இரண்டும் தெரிந்தவர்களுக்கே மதிப்பு. ஜி.எஸ்.டி. விகிதங்களும் 2025 செப்டம்பர் 22இல் மாறின. 12 விழுக்காட்டு அடுக்கு நீங்கி, பெரும்பாலான பொருள்கள் 5, 18 ஆகிய இரண்டுக்குள் வந்துவிட்டன. சீனியரிடம் வாங்கிய பழைய நோட்ஸை வரிப் பாடத்துக்கு மட்டும் நம்ப வேண்டாம்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சி.ஏ. தேர்வைத் தமிழில் எழுத முடியாது. ஆங்கிலம் அல்லது இந்திதான். கணக்கு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், சிக்கல் சட்டத் தாளின் விடை எழுதுவதில் வரும். தினமும் ஒரு பிரிவை ஆங்கிலத்தில் படித்து, மூடி வைத்து, சொந்த வாக்கியத்தில் எழுதிப் பார்க்கும் பழக்கத்தை முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவரானால் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

எம்.பி.ஏ. பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போனால் வகுப்பும் புரியும், கேம்பஸில் கிடைக்கும் வேலையும் வேறாக இருக்கும். ஆசிரியர் ஆக விரும்பினால் மட்டும் எம்.காம்., தாமதிக்காமல்.