துண்டானால் தொடர்ச்சி போய்விடுமா?

நம்பிக்கை: இரண்டு மூன்று விதிகளால் எழுதப்படும் சார்பு தொடர்ச்சியற்றது.

உண்மை: இப்படி நினைக்கும் மாணவர் வெட்கப்பட வேண்டாம், கணிதமேதை ஆய்லரே அவர் கட்சிதான். ஒரே கோவையால் முழுக்கச் சொல்லக்கூடிய வளைவரையைத்தான் ஆய்லர் 1748இல் தொடர்ச்சியானது என்றார். 1844இல் கணிதவியலாளர் கோஷி இதை ஓர் எடுத்துக்காட்டால் கவிழ்த்தார். மிகை எண்ணை அப்படியே விடு, குறை எண்ணுக்குக் குறியை மாற்று என்றால் இரண்டு விதி. எண்ணை வர்க்கமாக்கி அதன் மிகை வர்க்கமூலத்தை எடு என்றால் ஒரே விதி. சார்பு என்னவோ ஒன்றுதான்! எழுதும் விதத்தைப் பொறுத்துத் தொடர்ச்சி வந்து போகுமா என்ன? ஒவ்வொரு துண்டும் தன்னளவில் தொடர்ச்சியாக இருந்தால், துண்டுகள் சேரும் புள்ளியை மட்டும் சோதித்தால் போதும். அங்கே இடப்பக்க எல்லை, வலப்பக்க எல்லை, சார்பின் மதிப்பு மூன்றும் ஒன்றாக வேண்டும்.

நம்பிக்கை: வருமானவரி 'ஸ்லாப்' தாண்டினால் மொத்தச் சம்பளத்துக்கும் கூடுதல் விகிதம்.

உண்மை: சம்பள உயர்வைக் கண்டு பயப்படுகிறவர்களை இன்றும் பார்க்கலாம். வருமானவரியும் துண்டு துண்டாக எழுதிய சார்புதான். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 16 லட்சம் என்றால் வரி ரூ.1,20,000 (செஸ் தனி). அதற்கு மேல் விகிதம் 15இலிருந்து 20 சதவீதமாகிறது. ஆனால் 100 ரூபாய் கூடினால் வரி 20 ரூபாய்தான் கூடும். விகிதம் தாவுகிறது, வரி தாவுவதில்லை. வரைபடத்தில் அங்கே ஒரு முனை விழும். ஆகவே வகையிட முடியாது, தொடர்ச்சிக்குக் குறைவில்லை.

அதே 2025-26 முறையில் நிஜமான ஆபத்து 12 லட்சத்தில் இருக்கிறது. அதுவரை தள்ளுபடியால் வரி பூச்சியம். ஒரு ரூபாய் தாண்டினாலும் தள்ளுபடி போய், கணக்குப்படி 60,000 ரூபாய் வந்து நிற்கும். அசல் தாவல். இதை அடைக்கத்தான் 'மார்ஜினல் ரிலீஃப்': 12 லட்சத்துக்கு மேல் வந்த தொகையைவிட வரி கூடக் கூடாது. வருமானம் 12,10,000 என்றால் வரி 61,500 அல்ல, 10,000. ஏறக்குறைய 12,70,588 ரூபாயில் இரண்டு கணக்கும் சந்திக்கும். அதோடு நிவாரணம் முடியும். சட்டம் எழுதியவர்கள் இங்கே நல்ல கணிதம் போட்டிருக்கிறார்கள்.

நம்பிக்கை: பேனாவை எடுக்காமல் வரைய முடிந்தால்தான் தொடர்ச்சி.

உண்மை: ஓர் எண்ணுக்கு அதன் தலைகீழியைத் தரும் சார்பை வரைய, பூச்சியத்தில் பேனாவை எடுத்தே ஆகவேண்டும். ஆனால் பூச்சியம் அதன் சார்பகத்திலேயே இல்லை. இருக்கிற எல்லாப் புள்ளிகளிலும் அது தொடர்ச்சியானதே. தேர்வில் பேனாவை நம்பாதீர்கள், முதலில் சார்பகத்தை எழுதுங்கள்.