காசு வாங்காத தபால்காரர்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஈமெயிலைப் பற்றியவை. நிலாவெளியில் மணல் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்ட தம்பி அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஹொட்மெயில், யாஹூ, ஜிமெயில் எல்லாம் சும்மாதான் தருகிறார்கள். முதலில் இப்படிக் கொடுக்கத் தொடங்கியது யார்? அவர்களுக்கு அதில் என்ன இலாபம்?
– வாசகர், உப்புவெளி

அலுவலகத்தில் இருந்துகொண்டே முதலாளிக்குத் தெரியாமல் கடிதம் எழுத வழி தேடிய இரண்டு பேர். சபீர் பாட்டியா பெங்களூரில் வளர்ந்தவர், ஜாக் ஸ்மித் அமெரிக்கர். கலிபோர்னியாவில் ஒரே கம்பனியில் வேலை பார்த்தார்கள். சேர்ந்து ஒரு தொழில் தொடங்குவது பற்றி அடிக்கடி பேச்சு. அதை எழுதி அனுப்பலாம் என்றால் கம்பனி ஈமெயிலை மேலிடம் பார்த்துவிடும். சொந்த ஈமெயிலை அங்கிருந்து திறக்க வலையமைப்பின் பாதுகாப்புத் தடுப்பு விடாது. இணையப் பக்கங்களைப் பார்க்க மட்டும் தடை இருக்கவில்லை. அப்படியானால் கடிதத்தையே ஓர் இணையப் பக்கமாக்கிவிட்டால்?

யோசனை அவ்வளவுதான். யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயத்தில், முதலீட்டாளர்களிடம் போனபோது முதலில் வேறொரு திட்டத்தைக் காட்டி ஆளைப் பார்த்தார்களாம். பிடித்த ஆள் என்றால்தான் இது வெளியே வரும். 1996 ஜூலை 4 அன்று, அமெரிக்க சுதந்திர தினமாகப் பார்த்து, ஹொட்மெயிலைத் திறந்தார்கள்.

இலவச ஈமெயில் என்று பார்த்தால் சில மாதம் முந்தியே ஜூனோ என்ற அமெரிக்கக் கம்பனி தொடங்கியிருந்தது. ஆனால் அதற்கு அவர்களுடைய மென்பொருளை உங்கள் கணினியில் போட்டு, அவர்களுடைய தொலைபேசி எண்ணுக்கு டயல் செய்ய வேண்டும். உப்புவெளியிலிருந்து ஆகிற காரியமா? ஹொட்மெயிலுக்குச் சொந்தக் கணினியே வேண்டியதில்லை. எந்த ஊரில், யாருடைய கணினியில் உட்கார்ந்தாலும் உங்கள் பெட்டி திறக்கும்.

இலாபம் விளம்பரத்தில். திரையின் மேலே விளம்பரப் பட்டை; அதோடு, போகிற ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ‘நீங்களும் இலவசமாக ஒரு முகவரி எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி. மச்சானுக்குக் கடிதம் எழுதுகிறவரே தெரியாமல் கம்பனிக்கும் ஆள் பிடித்துக் கொடுத்தார். ஒன்றரை வருடத்தில் 85 இலட்சம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். 1997 கடைசியில் மைக்ரோசொப்ட் வாங்கியது. விலை ஏறத்தாழ 40 கோடி டொலர் என்று அப்போது சொல்லப்பட்டது. இப்படி ஒரு மென்பொருளை எழுத மைக்ரோசொப்டுக்குத் தெரியாதா? அந்தக் காசு ஆட்களுக்கு. அதே 1997 ஒக்டோபரில் யாஹூவும் ரொக்கெட்மெயில் என்ற இன்னொரு இலவச இணைய அஞ்சலை வைத்திருந்த கம்பனியை வாங்கி, யாஹூ மெயிலைத் தொடங்கியது.

அதற்கு முன் எங்கள் பக்கம் ஈமெயில் இருந்ததா?
– வாசகி, திருகோணமலை நகர்

நாட்டில் இருந்தது, கொஞ்சப் பேரிடம். 1990இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து, பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று, ‘லேர்ன்’ என்ற வலையமைப்பில் பல்கலைக்கழகத்தவருக்கு ஈமெயில் தொடங்கினார்கள். 1995இல் லங்கா இன்டர்நெட் கம்பனி காசுக்கு இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. பிறகு ரெலிகொம் வந்தது. இணைப்போடு ஒரு முகவரியும் கிடைக்கும். மாதக் கட்டணம் கட்டுவதை நிறுத்தினால் முகவரியும் போய்விடும்.

திருகோணமலையில் பெரும்பாலானோருக்கு இணையம் அறிமுகமானது கொமினிகேஷன் கடையில். ‘ஐ.டி.டி., பக்ஸ், போட்டோ கொப்பி’ என்றிருந்த பெயர்ப்பலகையில் ‘ஈமெயில்’ என்ற சொல்லும் ஒருநாள் ஏறியது. கனடாவுக்கும் சுவிசுக்கும் கோல் எடுத்தால் நிமிடக் கணக்கில் காசு ஓடும்; ஈமெயிலுக்கு அரை மணித்தியாலக் கணக்கு. கணக்குத் திறந்து தருவது கடைப் பையன். கேள்விகளெல்லாம் ஆங்கிலத்தில் என்பதால் அவனே விறுவிறென்று நிரப்பிவிடுவான். பிறந்த திகதி கேட்கிற இடத்தில் எல்லோருக்கும் ஜனவரி 1. யாஹூவின் ஏட்டில் நம்மூர்ப் பெரியவர்கள் பலர் ஒரே நாளில் பிறந்தவர்கள். பாஸ்வேர்ட்டும் அவனுடைய சி.ஆர். கொப்பியில்தான் இருக்கும்.

சிரிக்கலாம். ஆனால் அந்த முகவரி செய்த வேலை சின்னதில்லை. இடம்பெயர்ந்து வீட்டுக்கு வீடு, முகாமுக்கு முகாம் மாறியவர்களுக்குத் தபால்காரர் எந்தப் படலையில் கடிதம் கொடுப்பார்? 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் வீட்டு இலக்கமும் வீதியுமே போயின. வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் ‘உயிரோடிருக்கிறீர்களா’ என்று எழுதியவை எங்கோ ஒரு கணினியில் பத்திரமாகக் காத்திருந்தன, யாராவது வந்து திறக்கும்வரை.

ஜிமெயில் ஏப்ரல் முட்டாள் தினத்தில் வந்ததா? உண்மையா?
– வாசகர், கிண்ணியா

உண்மை. 2004 ஏப்ரல் 1. கூகிளில் போல் புக்கைட் என்ற பொறியியலாளர் தொடங்கிவைத்த வேலை அது. அறிவிப்பைப் பார்த்த பலர் பகிடி என்றே நினைத்தார்கள், காரணம் அளவு. அப்போது ஹொட்மெயில் கொடுத்தது 2 எம்.பி., யாஹூ 4 எம்.பி.; கூகிள் 1 ஜி.பி. என்றது. ஹொட்மெயிலைப் போல 500 மடங்கு!

அந்த 2 எம்.பி.யோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். லண்டனிலிருந்து கலியாணப் படம் இரண்டு வந்தால் பெட்டி நிறைந்துவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். ஆகவே வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் பதில் வரும்வரை சொந்தபந்தத்திடம் ‘படம் அனுப்பாதே’ என்று சொல்லி வைப்பார்கள். கடைக்குப் போனால் முதல் கால் மணித்தியாலம் அழிக்கிற வேலை.

ஜிமெயிலை உடனே எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் அழைத்தால்தான் நுழையலாம். 2007இல்தான் அழைப்பில்லாமல் கிடைத்தது. இன்னொரு சங்கதியும் இருந்தது: கடிதத்தில் உள்ள சொற்களைக் கணினி வாசித்து, பக்கத்தில் அதற்கேற்ற விளம்பரம் போடும். மனிதர் வாசிப்பதில்லை என்று கூகிள் சொன்னாலும் பலருக்கு மனம் ஒப்பவில்லை. விளம்பரத்துக்காக அப்படி வாசிப்பதை 2017இல்தான் நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

பழைய யாஹூ கடிதங்களைத் திறந்தால் &#2949; என்று எண்ணும் குறியுமாக வருகிறது. வைரஸா?
– வாசகி, மூதூர்

பயப்படாதீர்கள், அது ‘அ’. யுனிகோட் ஏட்டில் ‘அ’வுக்குரிய எண் 2949. அந்தக் காலத்து இணைய அஞ்சல் பக்கங்கள் ஆங்கில எழுத்துகளுக்கென்று அமைந்தவை. தமிழை அப்படியே தாங்க முடியாமல் எண்ணாக மாற்றி அனுப்பிவிடும். அதற்கும் முந்தியவர்கள் பாமினி எழுத்துருவில் எழுதினார்கள்; வாங்குகிறவரிடம் பாமினி இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பை. பொறுமை போனவர்கள் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதப் பழகினார்கள். இன்று எந்தச் சேவையிலும் இந்தத் தொல்லை இல்லை.

@ குறியைப் போட்டது யார்?
– மாணவர், கந்தளாய்

ரே டொம்லின்சன், 1971, அமெரிக்கா. ஆட்களின் பெயரில் வராத ஒரு குறி தேவைப்பட்டது. விசைப்பலகையில் அது சும்மா கிடந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கணினிகளுக்கு இடையே முதல் கடிதம் போனது. அதில் என்ன எழுதினார் என்று அவருக்கே ஞாபகம் இருக்கவில்லை.

மகன் கப்பலில் வேலை. எந்தக் கடலில் நின்றாலும் அவனுடைய ஈமெயில் வருகிறது. முந்திய காலத்துக் கப்பல்காரருக்குக் கடிதம் எப்படிப் போனது?
– வாசகர், சீனன்குடா

ஊர் பெயர் போடாமல், ஆளின் பெயரையும் கப்பலின் பெயரையும் எழுதி அனுப்புவார்கள். கடற்படைக் கப்பல் என்றால் அது எங்கே நிற்கும் என்பதைக் கடற்படைதான் அறியும். துறைமுகம் துறைமுகமாகக் கடிதம் துரத்திக்கொண்டு போகும். ஒரே கடிதத்தைப் பிரதி எடுத்து வேறுவேறு கப்பலில் அனுப்புவதும் உண்டு. ஒன்று கடலில் போனாலும் மற்றது சேரும்.

நம் துறைமுகத்துக்கே இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி சார்ல்ஸ் ஒஸ்டின் கடற்படை அதிகாரி. 1852இல் பர்மாவில் வாந்திபேதியில் இறந்தவரைத் திருகோணமலையில்தான் அடக்கம் செய்தார்கள். கல்லறை இன்றும் நகரில் இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. 1817 ஏப்ரலில் அக்கா எழுதிய கடிதத்தை, அதுவே தனக்கு வந்த கடைசிக் கடிதம் என்று தன் கைப்பட அதன்மேல் எழுதி அவர் வைத்திருந்தார். அது இன்றும் இருக்கிறது. யாஹூவில் அக்கா எழுதியிருந்தால் இருந்திருக்குமா என்று கேட்காதீர்கள். அடுத்த கேள்விக்குரிய பதிலில் வருகிறது.

சரி, இன்றைக்கு எதை எடுப்பது? எதில் இடம் அதிகம்?
– இளைஞர், தம்பலகாமம். இதே கேள்வியை இன்னும் பலர் கேட்டிருக்கிறார்கள்

இடத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஜிமெயில் 15 ஜி.பி. தருகிறது, ஆனால் உங்கள் கைபேசிப் படங்களுக்கும் கோப்புகளுக்கும் சேர்த்துத்தான் அது. ஹொட்மெயில் 2013க்குள் அவுட்லுக் ஆகிவிட்டது. அங்கே கடிதத்துக்கு 15 ஜி.பி. யாஹூ ஒரு காலத்தில் 1 டி.பி. என்று அள்ளிக் கொடுத்து, 2025இல் 20 ஜி.பி.யாகக் குறைத்தது. கொடுத்ததைத் திரும்ப எடுக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி. தமிழ்நாட்டில் வேர்விட்ட சோஹோ 5 ஜி.பி. தருகிறது, விளம்பரம் இல்லை. சுவிசில் உள்ள புரோட்டன் தருவது 1 ஜி.பி.தான், பதிலாக, பெட்டியில் உள்ள கடிதங்களை அவர்களே வாசிக்க முடியாதபடி பூட்டி வைக்கிறது. கடிதம் எழுதுகிற சாதாரண மனிதருக்கு இவற்றில் எதுவும் போதும்.

நான் பார்ப்பது வேறு இரண்டு விடயங்களை. முதலாவது, திறக்காமல் விட்டால் எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? கூகிள் இரண்டு வருடம். யாஹூவும் இலவச புரோட்டனும் 12 மாதம். அதற்குப் பிறகு அழிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. யாஹூ 2013இல் ஒரு படி மேலே போய், ஒரு வருடமாகத் திறக்காத முகவரிகளை எடுத்து, கேட்ட வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. வாங்கியவர்களில் சிலருக்குப் பழைய சொந்தக்காரரின் கடிதங்கள் வந்து விழுந்தன. அதே 2013இல் யாஹூவின் 300 கோடிக் கணக்குகளின் விபரமும் களவுபோனது. முழுத் தொகை வெளியே வர 2017 ஆனது. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவருக்கு யாஹூவை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, பாஸ்வேர்ட் மறந்தால் உள்ளே வர என்ன வழி? நம்மூர்க்காரர் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கணக்கை இங்குள்ள சிம் எண்ணோடு இணைத்துவிட்டுக் கட்டாருக்குப் போவார்கள். பாவிக்காத சிம் கொஞ்ச நாளில் செத்துவிடும். புதுக் கைபேசியில் நுழையப் பார்த்தால், செத்த எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்று சொல்லும். பிறந்த திகதியைக் கேட்டால், கடைப் பையன் போட்ட ஜனவரி 1 யாருக்கு ஞாபகம்? விசாவும் சம்பளத் தாளும் உள்ளே பூட்டிக் கிடக்கும்.

இந்த விடயத்தில் ஜிமெயில் கொஞ்சம் கைகொடுக்கிறது. இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுக்கொண்டால் எட்டு இலக்கத்தில் பத்து மாற்று எண்கள் தரும். சிம் இல்லாவிட்டாலும், பாஸ்வேர்ட்டோடு சேர்த்து ஒவ்வொன்றும் ஒருமுறை கதவைத் திறக்கும். புறப்படுவதற்கு முன் அவற்றை அச்செடுத்து, ஒரு பிரதியை வீட்டில் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருக்கிற பையில் வையுங்கள். மீட்பு ஈமெயில் கேட்கிற இடத்தில், தினமும் பார்க்கிற அக்காவின் அல்லது மனைவியின் முகவரியைக் கொடுங்கள். கைபேசிக் கடைக்காரருடையதைக் கொடுக்காதீர்கள். அவரும் கடையை மூடிவிட்டுக் கட்டாருக்குப் போகலாம்.