முறையீடு எப்போது கடமை? பொறுமை எப்போது அழகு?

(வணிகர் பாடம்)



வியாபாரிகளாகிய நாம் நம் கடையில் விற்பவராகவும் பிறர் கடையில் வாங்குபவராகவும் இருக்கிறோம். காலையில் மொத்தக் கடையில் மிளகாய் மூட்டை எடுக்கிறோம். பகலில் பாங்கு வரிசையில் நிற்கிறோம். லுஹருக்குப் பின் சாப்பாட்டுக் கடையில் அமர்கிறோம். இவ்விடங்களில் எப்போதாவது நமக்கு ஒரு குறை நேர்ந்துவிடுகிறது. மூட்டையின் அடியில் ஈரம் காண்கிறோம். சில்லறையில் இரண்டு வெள்ளி குறைகிறது. கவுண்டரில் இருப்பவர் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. கடைப் பையன் தேநீர்க் கோப்பையை ஓசைப்பட வைத்துவிட்டுப் போகிறான்.

அச்சமயம் நம்மில் சிலர் அங்கேயே குரலை உயர்த்தி, "கூப்பிடு உன் முதலாளியை!" என்கின்றனர். வேறு சிலர் வாய் திறவாமல் வெளியே வந்து, பின்னர் ஒரு வாரம் வரை பள்ளிவாசல் வாசலிலும் தேநீர் மேசையிலும் அந்தக் கடையின் பெயரை இழுத்துக் கொண்டிருக்கின்றனர். முன்னவர் தம் கோபத்தைத் தீர்த்துக் கொள்கிறார். பின்னவர் தம்மைப் பொறுமைசாலி என்று எண்ணிக் கொள்கிறார். குறையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. எதை மன்னித்துவிட வேண்டும், எதை மேலிடத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும், சொல்வதாயின் எப்போது, எவ்வாறு சொல்ல வேண்டும் என்பதே இன்றைய பாடம்.

முறையிடுவது புறம் பேசுவதாகுமா?

மார்க்கப் பற்றுள்ள பலருக்கு இந்த ஐயம் உண்டு. ஒருவர் இல்லாத இடத்தில் அவருடைய குறையை அவர் முதலாளியிடம் சொன்னால் அது கீபத்து ஆகிவிடுமே என்று அஞ்சி வாளாவிருந்து விடுகின்றனர். புறம் பேசுதலை, இறந்துபோன சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிட்டு ஹுஜுராத் அத்தியாயம் எச்சரித்திருப்பதால், இந்த அச்சம் இருப்பது நன்மையே. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

ஹிஜ்ரி 676-ல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், தமது ரியாளுஸ் ஸாலிஹீனில், பிறர் குறையை எடுத்துச் சொல்ல அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை வகுத்துக் காட்டியுள்ளார்கள். அவற்றுள் முதலாவது, அநீதிக்கு ஆளானவர் அதைத் தீர்த்து வைக்க வல்லவரிடம் முறையிடுவது. இரண்டாவது, தீமையைத் தடுக்க ஆற்றலுள்ளவரின் உதவியைத் தேடுவது. இதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்து முன்மாதிரியும் உண்டு. அபூஸுஃப்யான் (ரலி) அவர்கள் வீட்டுச் செலவுக்குப் போதிய பொருள் தருவதில்லை என்று அவர்களின் மனைவியார் ஹிந்த் (ரலி) வந்து முறையிட்டபோது, ரஸூலுல்லாஹ் அதனைப் புறம் என்று தடுக்கவில்லை. தமக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டிய அளவை நியாயமாக எடுத்துக் கொள்ளும்படி வழி கூறினார்கள்.

இங்கே "வல்லவரிடம்" என்பதையே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். குறையை நீக்கும் அதிகாரம் உள்ளவரிடம் சொன்னால் அது முறையீடு. அதே சொற்களை எந்த அதிகாரமும் இல்லாத நாலு பேரிடம் பொழுதுபோக்காகச் சொன்னால் அது புறம்.

மூன்று வகைக் குறைகள்

எல்லாக் குறைகளுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. அவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் வழி தெளிவாகும்.

1. சரக்கில் உள்ள குறை.

இதில் தாமதம் கூடாது. பழுதுள்ள சரக்கைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஆனால் பழுது தெரிந்தவுடனேயே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது நம் ஷாபிஈ மத்ஹபின் சட்டம். இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜ் நூல் இதற்கு வழக்கத்தை ஒட்டிய சலுகை தருகிறது. தொழுகையில் இருந்தாலும், உணவருந்திக் கொண்டிருந்தாலும் முடித்துவிட்டுப் போகலாம். இரவில் தெரிந்தால் விடியும் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் காரணமின்றித் தள்ளிப் போட்டாலோ, பழுது தெரிந்த பின்னும் அப்பொருளைப் பயன்படுத்தினாலோ உரிமை போய்விடும்.

இச்சட்டத்தின் நியாயம் வியாபாரிக்கு எளிதில் விளங்கும். மிளகாய் மூட்டையில் பூஞ்சணம் இருப்பதைத் திங்களன்று கண்ட ஒருவர், மற்ற மூட்டைகளை விற்றுவிட்டுப் பத்து நாள் கழித்து மொத்தக் கடைக்குப் போகிறார் என்று வைத்துக் கொள்வோம். அந்த ஈரம் அவர்கள் கிட்டங்கியில் ஏறியதா, இவர் கடையின் பின்கட்டில் ஏறியதா? யாரால் சொல்ல முடியும்? தாமதத்தால் விற்றவருக்கும் அநீதி ஏற்பட இடமுண்டு. எனவே சரக்கு வந்தவுடன் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதும், குறை கண்டால் அன்றே தெரிவிப்பதும் நம் வழக்கமாக வேண்டும்.

2. கணக்கில் உள்ள குறை.

சில்லறை குறைதல், பில்லில் வாங்காத பொருள் ஏறியிருத்தல், நிறுவை குறைதல் ஆகியன இவ்வகை. இவற்றில் முதலில் அதே ஆளிடம் மெதுவாகக் கேட்க வேண்டும். கைத்தவறு யாருக்கும் நேரும். ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பதும் ஹுஜுராத் அத்தியாயம் கற்பிக்கும் ஒழுக்கமே. அவர் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் விஷயம் அத்துடன் முடிந்தது. மேலிடம் வரை போக வேண்டியதில்லை.

அவர் பார்க்கவே மறுத்தாலும், அதே தவறு மறுபடி மறுபடி ஒரே விதமாக நேர்ந்தாலும், தராசே சரியில்லை என்று தெரிந்தாலும் முதலாளியிடம் சொல்லியே ஆக வேண்டும். "போகட்டும், இரண்டு வெள்ளிதானே!" என்று நாம் பெருந்தன்மை காட்டலாம். நம்மிடம் குறைந்த அதே தராசு நமக்குப் பின்னால் நிற்கும் நூறு பேரிடமும் குறையும் அல்லவா? நம்முடைய ஹக்கை மன்னிக்க நமக்கு உரிமையுண்டு. அந்த நூறு பேருடைய ஹக்கை மன்னிக்க நாம் யார்? அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோருக்குக் கேடு என்று தொடங்கும் ஓர் அத்தியாயமே திருக்குர்ஆனில் உள்ளதை வணிகர் எவரும் மறக்கலாகாது.

3. நடத்தையில் உள்ள குறை.

கடுமொழி, அலட்சியம், முகக்கோணல் இவையெல்லாம் இவ்வகை. பெரும்பாலான முறையீடுகள் இதில்தான் பிறக்கின்றன. பெரும்பாலும் பிறக்கத் தேவையில்லாதவையும் இவையே. ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் பத்து ஆண்டுகள் நபிகள் நாயகத்திற்குப் பணிவிடை செய்தார்கள். அக்காலம் முழுவதும் தம்மைப் பார்த்து ஒரு "சீ" என்றுகூட அவர்கள் சொன்னதில்லை என்று அனஸ் அவர்களே அறிவித்துள்ளார்கள். ஜும்ஆ முடிந்து கூட்டம் மொய்க்கும் நேரத்தில், சுபுஹுக்கு முன்பே எழுந்து வேலை செய்யும் ஒரு பையன் கோப்பையைச் சற்று ஓசையுடன் வைத்தான் என்பதற்காக முதலாளியை அழைப்பது அழகன்று.

ஆகவே இவ்வகையில் ஓர் இரவு பொறுத்திருங்கள். சரக்கின் குறைக்கு விரைவு வேண்டும். மனத்தாங்கலுக்கு ஆறுதல் வேண்டும். விடிந்த பின் அது சிறிதாகத் தோன்றினால் விட்டுவிடுங்கள். ஆனால் மூன்று நிலைகளில் விட்டுவிடலாகாது.

ஒன்று, அது ஒருநாள் களைப்பாக இல்லாமல் அன்றாட வழக்கமாகிவிட்ட நிலை.

இரண்டு, அந்த அவமதிப்பு எளியவர் மீது விழும் நிலை. பாரம் பூர்த்தி செய்யத் தெரியாத முதியவர், பணம் அனுப்ப வந்த வெளிநாட்டுத் தொழிலாளி, கைக்குழந்தையுடன் நிற்கும் பெண் ஆகியோர் விரட்டப்படுவதைக் கண்டால், நமக்கு மரியாதை கிடைத்தது என்று திருப்தியடைந்து போய்விடக் கூடாது. அவர்களால் பேச முடியாது, நம்மால் முடியும்.

மூன்று, உடலுக்குக் கேடு வரும் நிலை. பழைய இறைச்சியைக் கலந்து பரிமாறுவதைக் கண்டும் பேசாதிருப்பது சபூர் ஆகாது.

ஒரு சொல்லின் எடை

முறையிடுமுன் நினைக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்நாடுகளின் கடைகளில் வேலை செய்வோரில் பலர் கடல் கடந்து வந்தவர்கள். சிங்கப்பூரிலாயினும் மலேசியாவிலாயினும் அத்தகையோரின் வேலை அனுமதி முதலாளியைச் சார்ந்தது. முதலாளி வேண்டாமென்றால் ஊர் திரும்ப நேரிடும். இங்கு வருவதற்காக வாங்கிய கடன் ஊரில் அப்படியே நிற்கும். நாம் ஆத்திரத்தில் உதிர்க்கும் ஒரு சொல், ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்துவிடக் கூடும்.

கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நாகூரிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்த நம் முன்னோரில் பலர் கடைப் பையனாகத்தானே இங்கே வாழ்வைத் தொடங்கினர்? கடைக்கு மேலேயே படுத்துறங்கி, ஏச்சும் பேச்சும் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பையனின் இடத்தில் நம் பாட்டனாரை நிறுத்திப் பார்த்துவிட்டு, பிறகு வாய் திறப்போமாக.

இதனால் குறையை மூடி மறைக்க வேண்டும் என்று பொருளில்லை. குறை திருந்த வேண்டும் என்று கேளுங்கள். ஆளை நீக்க வேண்டும் என்று கேட்காதீர்கள்.

முறையிடும் முறை

மற்ற வாடிக்கைக்காரர் முன்னிலையில் வேண்டாம். முதலாளியையோ மானேஜரையோ தனியே பார்த்துச் சொல்லுங்கள். நாள், நேரம், ரசீது இவற்றைக் கையில் வைத்திருங்கள். கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். "உங்கள் ஆள் திருடன்" என்பது தீர்ப்பு. "இன்ன நாளில் இத்தனை வெள்ளி குறைந்தது, கேட்டதற்குப் பார்க்க மறுத்தார்" என்பது சாட்சியம். நமக்கு வேண்டியது சரக்கு மாற்றமா, பணமா, இனி நேராது என்ற உறுதியா என்பதையும் தெளிவாகக் கூறுங்கள். அந்த ஆள் முன்பு நன்றாகப் பணி செய்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்வதே நீதி. பெரிய நிறுவனமாயின் எழுத்தில் கொடுத்து நகல் ஒன்றை வைத்துக் கொள்ளுங்கள்.

மேலிடமும் கேளாவிட்டால் அடுத்த படிகள் உள்ளன. சிங்கப்பூரில் 1971-ல் தோன்றிய பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல் எனப்படும் நடுவர் மன்றத்தில், 20,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கையை, இரு தரப்பும் இசைந்தால் 30,000 வெள்ளி வரையுள்ளதை, இரண்டு ஆண்டுக்குள் வக்கீல் இன்றியே தாக்கல் செய்யலாம். மலேசியாவில் 1999-ம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கிறது. ஆனால் அது சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர்களுக்கே உரியது. கடையில் விற்பதற்கென எடுத்த சரக்குக்கு அந்த வழி இல்லை என்பதை வியாபாரிகள் அறிந்திருக்க வேண்டும்.

முறையீடு நம் கடைக்கு வரும்போது

பாடத்தின் கடினமான பகுதி இதுவே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர் தமக்கு வரவேண்டிய ஒட்டகத்தைக் கேட்டு வந்து கடுமையாகப் பேசினார். தோழர்கள் சினந்து எழுந்தனர். ரஸூலுல்லாஹ் அவர்களைத் தடுத்து, உரிமை உடையவருக்குப் பேச இடமுண்டு என்று உணர்த்தினார்கள். கொடுக்க வேண்டிய வயதில் ஒட்டகம் கிடைக்காததால், அதைவிடச் சிறந்ததையே கொடுக்கச் செய்தார்கள். நம் கடையில் ஒருவர் குரல் உயர்த்தினால் நாம் அவருடைய குரலுக்குப் பதில் சொல்கிறோமா, அவருடைய உரிமைக்குப் பதில் சொல்கிறோமா என்று நம்மையே கேட்டுக் கொள்வோம்.

முறையிட வந்தவர் இன்னும் நம் கடையை விரும்புகிறவர். வெறுத்தவர் ஒன்றும் சொல்லாமலே பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார். ஆகவே அவரை உட்காரச் சொல்லிக் கேளுங்கள். பையனைத் தனியே அழைத்து அவன் தரப்பையும் கேளுங்கள். வந்தவர் முன்னால் அவனை ஏசி அவருடைய மனத்தைக் குளிரச் செய்யாதீர்கள். மூன்று ஆள் வேலையை ஒருவனிடம் சுமத்தியது யார்? சரக்கைத் திருப்பி வாங்காதே என்று உத்தரவிட்டது யார்? இவற்றையும் விசாரித்தால் குற்றம் கல்லாப் பெட்டி வரை வந்து நிற்கக் கூடும்.

"விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பலகை மாட்டிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று சிலர் நினைக்கின்றனர். தெரிந்தே மறைத்த பழுதை எந்தப் பலகையும் ஹலாலாக்காது. நாட்டுச் சட்டமும் அதை ஏற்பதில்லை. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல், பயனீட்டாளர் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் தெரியும் பழுது, விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படுகிறது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவரே. இயல்பிலேயே விரைவில் கெடும் பொருள்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

சிந்திப்பதற்குச் சில கேள்விகள்

1. கடைசியாக நீங்கள் மனம் நொந்த குறை மூன்று வகையுள் எதைச் சேர்ந்தது? அதை யாரிடம் சொன்னீர்கள்? அவருக்கு அதைத் திருத்தும் அதிகாரம் இருந்ததா?

2. நீங்கள் பொறுத்துக் கொண்ட ஒன்றால், பேச இயலாத வேறு யாருக்கேனும் இழப்பு நேர்ந்துகொண்டிருக்கிறதா?

3. உங்கள் கடையில் குறை கண்ட ஒருவர் அச்சமின்றி உங்களிடம் வந்து சொல்ல வழி இருக்கிறதா? உங்கள் பையன் தன் தரப்பைச் சொல்ல வழி இருக்கிறதா?

வாங்கும்போதும் விற்கும்போதும் நீதி தவறாதவர்களாக நம்மை வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக! நம் தொழிலில் பரக்கத்துச் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.