பொட்டு வைத்த வீடுகள்

கேள்வி: தொழிற்சாலைகள் மூடிப்போன அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் கலையால்தான் மீண்டது என்கிறார்களே, உண்மையா?

பதில்: கலையால் மட்டும் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1950-இல் 18 லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர், 2020 கணக்கெடுப்பில் ஆறரை லட்சத்தைக்கூடத் தொடவில்லை. கார் கம்பெனி வேலையோடு சனமும் போயிற்று. போகாமல் நின்றவர்களுக்குக் கலை ஒரு பிடிமானமாக இருந்தது.

அங்குள்ள ஹைடல்பெர்க் தெருவையே பாருங்கள். டைரி கைடன் என்ற ஓவியர் 1986-இல் தன் தாத்தாவோடு சேர்ந்து காலி மனைகளில் கிடந்த குப்பையை அள்ளினார். அள்ளியதைக் கொட்டவில்லை. பாழடைந்த வீடுகளில் கலர் கலராக வட்டப் பொட்டுகள் வைத்தார். சுவரெல்லாம் பொம்மைகள், தரையெல்லாம் பழைய செருப்புகள். மாநகராட்சி 1991-இலும் 1999-இலும் புல்டோசர் விட்டு ஒரு பகுதியை இடித்தது. அவர் மறுபடி கட்டினார். அந்தப் பிடிவாதத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

2013-இல் நகரமே திவாலானபோது, கடன் கொடுத்தவர்களின் கண் நகரின் கலை அருங்காட்சியகத்தின் மேல் விழுந்தது. கார் ஆலைத் தொழிலாளர்களை டியேகோ ரிவேரா 27 சுவரோவியங்களாக வரைந்து வைத்திருக்கும் இடம் அது. அறக்கட்டளைகளும் மாநில அரசும் நன்கொடையாளர்களும் 80 கோடி டாலருக்கு மேல் திரட்டித் தர முன்வந்து அதைக் காப்பாற்றினார்கள். ஆனால் ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர்களும் பென்ஷனில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. மீட்சிக் கதை பேசும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.